இடுப்பு வலி என்று சொல்லி வந்தவர்கள்

இதை எழுத வேண்டாம் என்று என் மகன் சொன்னான். சபை மூப்பர் ஒருவர் வீட்டுக்கே வந்து, "வயசான காலத்துல இந்தப் பேச்சு எதுக்குங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். வயதான காலத்தில்தான் எழுத முடியும். கம்பவுண்டர் வேலையில் இருந்தபோது எழுதியிருந்தால் சீட்டைக் கிழித்திருப்பார்கள். இப்போது என்னிடம் கிழிப்பதற்கு ஒன்றும் இல்லை. எழுதுகிறேன்.

தங்கவயல் ஆஸ்பத்திரிகளில் புதிதாகச் சேர்ந்திருக்கும் கம்பவுண்டர்களே, உங்களுக்குத்தான் இது. பாறை விழுந்து நசுங்கிய விரலை எப்படிக் கழுவுவது, வெடியில் கண் போனவனை எப்படிப் பிடித்துக்கொள்வது என்றெல்லாம் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நாற்பதைத் தாண்டிய ஓர் ஆண் உங்கள் முன்னால் வந்து நின்று, சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு வேறொன்றைச் சொல்லும்போது என்ன செய்வது என்று யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். எனக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அவர்கள் பெரும்பாலும் இடுப்பு வலி என்றுதான் சொல்வார்கள். வரிசையில் தமக்குப் பின்னால் நிற்பவனை, "நீ போப்பா, எனக்கு அவசரம் இல்ல" என்று முன்னால் அனுப்புவார்கள். தைலம் கொடுத்தால் வாங்கிக்கொண்டு, போகாமல் நிற்பார்கள். வாசலை ஒரு முறை திரும்பிப் பார்ப்பார்கள். பிறகு போய்விடுவார்கள். இடுப்பு வலிக்கிறவன் நடக்கும்போது இடுப்பில் கை வைப்பான். இவர்கள் வைப்பதில்லை.

கோவிந்தன் மேஸ்திரியும் அப்படித்தான் வந்தார்.

ரயில் மாரிகுப்பம் வரைக்கும் வந்துவிட்டது. மின்சார விளக்கு இன்னும் வரவில்லை. அந்தக் காலம். கோவிந்தன் எங்கள் மைனில் மர மேஸ்திரி. பூமிக்குள்ளே லெவல் என்கிற சுரங்கத் தளங்களில் மேல் பாறை இறங்காதபடி மரம் கொடுத்துத் தாங்க வைக்கும் கூட்டத்துக்குத் தலைவர். பாறை முனகுவதைக் காதால் கேட்டு "வெளிய வாங்கடா" என்று அவர் ஒரு குரல் கொடுத்தால், உள்ளே இருப்பவன் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடி வரவேண்டும். ஏன் என்று கேட்டுக்கொண்டு நின்றவன் பிழைக்கமாட்டான். அவர் பேச்சை மதித்ததால் உயிரோடிருந்தவர்கள் எங்கள் கூலி லைன் வீடுகளில் நிறையப் பேர். அப்படிப்பட்ட ஆள், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி என் மேஜை முன்னால் நின்று, "இடுப்புல புடிச்சிகினு கீதுங்க" என்றார். தைலம் கொடுத்தேன். மறுபடி வந்தார். மறுபடி தைலம். அடுத்த முறை தைலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "சந்தையில கூடாரம் போட்டுகினு ஒருத்தரு லேகியம் விக்கறாரே, அது நல்லதுங்களா?" என்று கேட்டார்.

"எதுக்கு லேகியம்?" என்றேன்.

"சும்மா கேட்டேன்" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார்.

அதற்கடுத்த வாரம் ஒரு காலை நேரம். ஆஸ்பத்திரியில் கூட்டம். பெண்கள் வழக்கமாகப் பின் வாசல் வழியாக வந்து ஓரமாக நிற்பார்கள். ஒரு பெண் முன் வாசல் வழியாக நேராக என் மேஜைக்கு வந்தாள். சுரங்கத்துக்கு வெளியே, மேலே, கல் பொறுக்கும் வேலை செய்பவள் என்று புடவையில் படிந்திருந்த வெள்ளைத் தூளே சொன்னது.

"ஐயா, நான் பச்சையம்மா. கோவிந்தன் மேஸ்திரி பொண்டாட்டி."

"மேஸ்திரிக்கு இடுப்பு வலி இன்னும் போகலையா?"

"அவருக்கு இடுப்புல ஒண்ணும் இல்லீங்க" என்றாள். பிறகு கூட்டத்தைப் பார்த்தாள். நான் எழுந்து அவளை மருந்து கலக்கும் அறைக்கு அழைத்துப் போனேன். கதவைத் திறந்தே வைத்தேன்.

அவள் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். "ரொம்ப நாளா அவரு என்ன தொடறதில்ல. கிட்ட வர்றாரு, முடியல, திரும்பிப் படுத்துக்கறாரு. இத்த நான் என் வாயால சொல்ற மாரி வெச்சிட்டாங்களேன்னுதான் எனக்கு ஆத்திரம். வெக்கம் ஒண்ணும் இல்ல. அவரு அண்ணன் இன்னா சொல்றாரு தெரியுமா? நான் சோத்துல மருந்து வெச்சிட்டேனாம். அதான் அவரு எளைச்சிப் பூட்டாராம். வர்ற ஞாயித்துக்கெழம லைன் பெரியவங்கள கூட்டி, என்ன குடியாத்தத்துக்கு எங்கம்மா வூட்டுக்குத் தொரத்தப் போறாங்க. வேற பொண்ணு பாத்து வெச்சிட்டாங்க. சின்னப் பொண்ணா கட்டிக்கினா எல்லாம் சரியாப் பூடுமாம்."

"என்கிட்ட என்ன கேக்க வந்தீங்க?"

"கெஞ்ச வரலீங்க. அவருக்குச் சூனியம்தான்னா சொல்லுங்க, நானே மூட்டயக் கட்டிகினு பொண்ணுங்கள இட்டுகினு போறேன். நோவுன்னா நான் ஏன் போவணும்? அத்த மட்டும் பாத்துச் சொல்லுங்க."

இத்தனை வருஷத்தில் ஆஸ்பத்திரி வாசலில் எத்தனையோ பேர் அழுது பார்த்திருக்கிறேன். இவ்வளவு நேர்மையான ஒரு கேள்வியை யாரும் கொண்டுவந்ததில்லை. வேறு என்ன வித்தியாசம் என்று கேட்டேன்.

"தண்ணி. பானையில தண்ணி நிக்கறதே இல்ல. சொம்பு சொம்பா குடிக்கறாரு, குடிச்சிட்டு வெளிய ஓடறாரு. கோமணத்த அவுத்துப் போட்டா எறும்பு மொய்க்குது. தோள் எலும்பு துருத்திகினு கீது. நல்லாத்தான் துன்றாரு, ஒடம்புல ஒட்டல."

எங்கள் டாக்டர் என்னைவிட வயதில் சின்னவர். மதராஸில் படித்த சட்டைக்காரர். அப்பா வெள்ளைக்காரர், அம்மா இந்த நாட்டுப் பெண். தமிழ் பேசுவார். ஆனால் அது சமையல்காரனிடம் பேசுகிற தமிழ். போ, வா, கொண்டா என்பதற்கு மேல் போகாது. பச்சையம்மாள் சொன்னதை அவரிடம் சொன்னேன். தண்ணீர், எறும்பு என்றதுமே பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "சர்க்கரை வியாதியாக இருக்கும். அந்த ஆளை வரச் சொல். அதற்கு முன்னால் அவனிடம் ஒன்று கேட்டு வா" என்றார்.

என்ன கேட்க வேண்டும் என்று அவர் விளக்கியதை எனக்கு நினைவிருக்கிற அளவில் சொல்கிறேன். ஆணின் உடம்பு தூக்கத்தில் தானாகவே எழும்பும். விடியற்காலையில் கண் விழிக்கும்போது பலருக்கும் அது தெரியும். அதற்கு ஆசை வேண்டாம், யாரும் பக்கத்தில் இருக்க வேண்டாம். விடியலில் எழும்புகிறது, மனைவியிடம் மட்டும் முடியவில்லை என்றால், கவலையோ பயமோ குடியோ சண்டையோ காரணமாக இருக்கலாம். விடியலிலும் இல்லை, எப்போதும் இல்லை என்றால் உடம்பிலேயே கோளாறு தேட வேண்டும். வயது ஏற ஏற எல்லோருக்கும் கொஞ்சம் குறையத்தான் செய்யும். அது வியாதி இல்லை. "இது தீர்ப்பு அல்ல. எந்தப் பக்கம் தேடுவது என்று காட்டுகிற அடையாளம், அவ்வளவுதான்" என்றார்.

"இதைத் தமிழில் எப்படிக் கேட்பது?" என்றேன்.

"உன் பாஷை. நீதான் கண்டுபிடிக்க வேண்டும்" என்றார்.

அன்றைக்கு முழுக்க யோசித்தேன். எனக்குத் தெரிந்த சொற்கள் இரண்டு வகைதான். ஒன்று சாராயக்கடையில் புழங்குவது. அதைச் சொன்னால் கேலியாகிவிடும். மற்றது வைத்திய ஏடுகளில் இருப்பது. அதைச் சொன்னால் கோவிந்தனுக்குப் புரியாது; எனக்கே பாதி புரியாது. நம் மொழியில் இவ்வளவு பேர் இவ்வளவு காலம் வாழ்ந்திருக்கிறார்கள், ஒரு மனிதனிடம் அவன் உடம்பைப் பற்றி மரியாதையாகக் கேட்க ஒரு வாக்கியம் கிடையாதா என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

கோவிந்தனை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் பத்துக் காது கேட்டிருக்கும். ஷிப்டு முடிந்து ஆட்கள் எல்லாம் லைனுக்குப் போன பிறகு, அவர் மரக் கிடங்கில் நாளைக்கு இறக்க வேண்டிய கட்டைகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் மரம் செதுக்கும் வாச்சி இருந்தது. நான் ஒரு கட்டை மேல் உட்கார்ந்தேன்.

"கம்பவுண்டர் ஐயா இங்க வந்துகீறீங்க. யாருக்கு இன்னா ஆச்சு?"

"உங்ககிட்டதான் வந்தேன். ஒண்ணு கேக்கணும். கேட்டா என்ன அடிக்கத் தோணும். அடிச்சிட்டாவது பதில் சொல்லிடுங்க, மேஸ்திரி."

அவர் சிரித்தார். "கேளுங்க."

"காலையில நீங்க கண்ணு முழிக்கறப்ப, உங்களுக்கு முன்னாடியே அது முழிச்சிகினு இருக்குதா?"

சிரிப்பு நின்றுவிட்டது. வாச்சியைப் பிடித்திருந்த கை இறுகியது. "யாரு சொன்னது? அவளா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அந்தப் பொய் ஞாயிற்றுக்கிழமைக்குள் உடைந்துவிடும், உடைந்தால் அதற்குப் பிறகு நான் சொல்லும் எதையும் அவர் நம்பமாட்டார். "ஆமாம், உங்க சம்சாரம் வந்தாங்க. உங்களக் குத்தம் சொல்ல வரல. உங்களுக்கு நோவு இருக்குதான்னு பாக்கச் சொல்லி வந்தாங்க. லைன்லயே அத்தக் கேட்ட ஒரே ஆளு அவங்கதான்."

அவர் வாச்சியைக் கட்டையில் கொத்தி நிறுத்திவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இல்லீங்க" என்றார். "போன மழைக்கு முன்னாடியே கொறஞ்சி போச்சு. மழைக்கு அப்புறம் சுத்தமா இல்ல. வயசுப் பையனா இருக்கறப்ப அது ஒரு தொந்தரவு. தட்டி வூட்டுல அப்பன் ஆத்தா தங்கச்சி எல்லாம் ஒரே எடத்துல படுத்திருப்போம். விடிஞ்சதும் கவுந்து படுத்துகினு, எழுந்திரிக்காமலே கெடப்பேன். சோம்பேறின்னு எங்கப்பன் ஒதைப்பான். இப்ப விடியறதுக்கு முன்னாடியே முழிச்சிகினு, வருதா வருதான்னு பாத்துகினு கெடக்கறேன்."

"இத்த டாக்டர்கிட்ட அப்பவே சொல்லியிருக்கலாமே."

"இன்னான்னு சொல்றது? ஆம்பளயே இல்லன்னு பேராயிட்டா, நாளைக்கு லெவல்ல நான் 'வெளிய வாங்கடா'ன்னா எவன் வருவான்? 'பொட்டப் பய சொல்றான்'னு நின்னுகினு இருப்பான். பாற அவன் தலையில எறங்கும். அந்தப் பாவம் யாருக்கு?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. கேலிக்குப் பயப்படுகிறார் என்றுதான் நினைத்திருந்தேன். தன் பேச்சுக்கு மதிப்புப் போனால் ஆட்கள் சாவார்கள் என்று அவர் பயந்திருந்தார். நோயாளி எதற்குப் பயப்படுகிறான் என்று நீங்களாக முடிவு கட்டிக்கொள்ளாதீர்கள். அதையும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பேசும்போது எச்சிலை அடிக்கடி துப்பினார். வாயைத் திறக்கச் சொன்னேன். ஈறு வீங்கிக் கருத்திருந்தது, பல் ஆடியது. கூடாரத்து லேகியத்தில் பாதரசம். ரசம் அதிகமானால் வாய்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். இருந்த நோய் போதாது என்று காசு கொடுத்து விஷத்தையும் வாங்கித் தின்றிருக்கிறார். "அந்தக் கெரகத்தத் தூக்கி எறிங்க, மேஸ்திரி. நாளைக்கு டாக்டர்கிட்ட வாங்க" என்றேன்.

மறுநாள் வந்தார். டாக்டர் அவருடைய சிறுநீரை நீலத் திராவகத்தோடு சேர்த்து விளக்கில் காய்ச்சினார். நீலம் கலங்கி, மஞ்சளாகி, செங்கல் நிறமாக அடியில் படிந்தது. கோவிந்தன் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். சிறுநீரில் சர்க்கரை போகிறது, அதனால்தான் தாகமும் இளைப்பும், அதனால்தான் மற்றதும் என்று டாக்டர் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். பெண்டாட்டி எதையும் கலக்கவில்லை என்பதை டாக்டர் சொல்லச் சொல்லவில்லை. நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

"சக்கரையா?" என்றார் கோவிந்தன். "எங்க வூட்டுல பொண்ணுங்களுக்கு தீபாவளிக்குக்கூட வெல்லந்தான். மூத்தரத்துல சக்கரையா போவுது?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை. கடைசியில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு என் கையைப் பிடித்து, "வெளிய சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணுங்க" என்றார். பண்ணினேன்.

இனிதான் கஷ்டம் ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை பச்சையம்மாளைத் துரத்தப் போகிறார்கள். அவள் கேட்ட கேள்விக்கு விடை என்னிடம் இருக்கிறது. ஒரே வார்த்தை சொன்னால் அவள் தப்பித்துவிடுவாள். ஆனால் அந்த வார்த்தை என்னுடையது இல்லை. டாக்டரிடம் கேட்டேன். "அவன் அனுமதி இல்லாமல் நீ வாயைத் திறந்தால், இனி இந்த ஆஸ்பத்திரிக்குள் யாரும் உண்மையைக் கொண்டுவரமாட்டார்கள்" என்றார். அதுவும் சரிதான். கோவிந்தனிடம் போய், "நான் சொல்லமாட்டேன். ஆனா நீங்க சொல்லலேன்னா அவங்க போயிடுவாங்க. அத்தத் தெரிஞ்சிகினு நீங்க சும்மா இருந்தா, நோவு உங்களுக்கு, தண்டன அவங்களுக்குன்னு ஆயிடும்" என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். லைன் வீடுகள் முடிகிற இடத்தில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்து வெளியில் கூடினார்கள். வயதில் மூத்த ஒருவரைப் பெட்டி மேல் உட்கார வைத்திருந்தார்கள். பெண்கள் குடங்களோடு குழாயடியில் நின்றுகொண்டு, தண்ணீர் பிடிக்கிற சாக்கில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கோவிந்தனின் அண்ணன் பேசினார். அவர் கெட்டவர் இல்லை. தம்பி எலும்பும் தோலுமாகப் போவதைப் பார்த்துப் பயந்துபோயிருந்தார். அந்தப் பயத்தைக் கொண்டுபோய் யார் மேலாவது போட வேண்டியிருந்தது.

"என் தம்பி பாறையத் தோள்ல தாங்கின ஆளு. இப்ப பாருங்க. சோத்துல இன்னாத்த வெச்சா இவ? கேளுங்க."

பெரியவர் பச்சையம்மாளைப் பார்த்து, "அம்மன் கோயில்ல கர்ப்பூரம் ஏத்தி அணைக்கறயாம்மா?" என்று கேட்டார். பொய் சொல்லவில்லை என்பதற்கு அதுதான் அங்கே சத்தியம்.

"அணைக்கமாட்டேன்" என்றாள்.

கூட்டம் சலசலத்தது. அண்ணன், "பாத்தீங்களா!" என்றார்.

"நான் ஏன் அணைக்கணும்?" என்றாள் பச்சையம்மாள். "வெச்சேன்னு சொல்றவரு அணைக்கட்டும். பாத்தேன்னு சொல்றவங்க அணைக்கட்டும். எத்தினி வருசமா அந்த மனுசனுக்கு ஆக்கிப் போட்டுகினு கீறேன். இன்னிக்கு வந்து என் கை விசம்னு சொல்றீங்க. நெருப்பத் தொட்டுத்தான் என் கைய நம்புவீங்கன்னா, அந்த நம்பிக்க எனக்கு வேணாம்."

அப்போது யாரோ என்னைக் காட்டி, "கம்பவுண்டருக்குத் தெரியும், அவரக் கேளுங்க" என்றார்கள். எல்லோரும் திரும்பினார்கள். என் வாழ்க்கையில் வாயை மூடிக்கொண்டிருக்க அவ்வளவு பலம் எனக்கு எப்போதும் தேவைப்பட்டதில்லை. "மேஸ்திரி என்கிட்ட மருந்துக்கு வந்தவரு. என்கிட்ட சொன்னது அவரோடது. எடுத்துக் குடுக்க எனக்கு உரிம இல்ல. பெரியவங்க கேட்டாலும் இல்ல, துரை கேட்டாலும் இல்ல" என்றேன். "அப்ப எதுக்குய்யா வந்த?" என்று ஒருவன் கத்தினான். நான் கோவிந்தனைப் பார்த்தேன்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு குந்தியிருந்தார். அண்ணன் பச்சையம்மாளின் பக்கமாகப் போய், "மூட்டயக் கட்டு, நட" என்றார். அவள் நகரவில்லை. சின்னப் பெண் ஓடிவந்து அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டது.

கோவிந்தன் எழுந்தார். லெவலில் கொடுக்கிற குரலில் பேசினார். குழாயடி வரை கேட்டது.

"அண்ணாத்த, அவள வுடு. எனக்கு விடியலிலே எழும்பறதில்ல. ராவுலயும் இல்ல. போன மழையிலிருந்தே இல்ல. ஆமா, வாயத் தொறந்து சொல்றேன். எனக்குச் சக்கர நோவு. டாக்டரு காச்சிக் காட்டினாரு, என் ரெண்டு கண்ணால பாத்தேன். அவ ஒண்ணும் வெக்கல. நாந்தான் கூடாரத்துல லேகியம் வாங்கி விசம் துன்னேன். எவனுக்குச் சிரிப்பு வருதோ இப்பவே சிரிச்சிக்க. இங்க நின்னு, என் மூஞ்சியப் பாத்துச் சிரி. நாளைக்கு லெவல்ல நான் வெளிய வான்னு சொன்னா, ஆம்பளயா பொம்பளயான்னு பாத்துகினு உள்ள நில்லு. உன் பொண்டாட்டிக்கு நானே வந்து சேதி சொல்றேன்."

யாரும் சிரிக்கவில்லை. குழாயில் யாரோ வைத்த குடம் நிரம்பி வழிந்துகொண்டே இருந்தது. பெரியவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நோவுன்னா வைத்தியம் பாக்கறது. இதுல பேச இன்னா கீது?" என்று எழுந்துகொண்டார். பச்சையம்மாள் குழாயடியில் தன் குடத்தை நிரப்பி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அவர் சின்னப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனார்.

மறுநாள் சுரங்கக் கூண்டில், அதாவது கேஜில், இறங்கும்போது ஒருவன் ஏதோ முணுமுணுத்துச் சிரித்தானாம். மற்றவர்கள் அவனைத் திரும்பிப் பார்த்தார்களாம். அதோடு சரி. லெவலில் அவர் பேச்சுக்கு மதிப்பு ஒரு பிடிகூடக் குறையவில்லை.

கோவிந்தனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வெல்லமும் கள்ளும் நின்றன. சோறு குறைந்தது, கீரையும் கறியும் கிடைத்த வரையில் கூடின. லேகியத்தை விட்டதும் வாய் ஆறியது. உடம்பு கொஞ்சம் தேறியது. ஒரு நாள் வேலைக்குப் போகிற வழியில் ஆஸ்பத்திரி ஜன்னலுக்கு வெளியே நின்று, "கம்பவுண்டரே, இன்னிக்கு முழிச்சிகிச்சு" என்று சொல்லிவிட்டு, நிற்காமல் போய்விட்டார். டாக்டரிடம் சொன்னேன். அந்த மனிதர் எழுந்து என் கையைக் குலுக்கினார். ஆனால் உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். அது தினமும் திரும்பவில்லை. சில நாள் வரும், பல நாள் வராது. ஒரு தடவை பச்சையம்மாளிடம் மெதுவாக விசாரித்தேன். "வந்தா வருது, வராட்டி போவுது. ஆளு கீறாரு இல்ல?" என்றாள். இப்போது சர்க்கரை நோய்க்கு வந்திருக்கும் ஊசி மருந்து அப்போது கிடையாது. சில வருஷங்கள் நன்றாகவே இருந்தார். மூத்த பெண்ணுக்குக் கல்யாணம் செய்து வைத்தார். பிறகு கால் விரலில் வந்த புண் ஆறாமல் ஏறி, எங்கள் வார்டிலேயே இறந்தார். கடைசி வரை பச்சையம்மாள்தான் பக்கத்தில் இருந்தாள். அவரைப் பற்றிய எல்லாவற்றையும் நான் இங்கே எழுதுவது, அவரே ஊரறியச் சொன்னதால். மற்றவர்களைப் பற்றி எழுதமாட்டேன்.

மற்றவர்கள் என்றால், அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எங்கள் ஆஸ்பத்திரியில் இடுப்பு வலி திடீரென்று அதிகமாயிற்று. பக்கத்து ஊரிகம் மைனிலிருந்துகூட நடந்து வந்தார்கள். ஒவ்வொருவரையும் தனியாக அழைத்துப் போய் அதே கேள்வியைக் கேட்டேன். பலருக்கு விடியலில் எல்லாம் சரியாகவே இருந்தது. ஒருவர் குழந்தையைப் பறிகொடுத்தவர். ஒருவர் கேஜ் கயிறு அறுந்ததை நேரில் பார்த்தவர். சிலருக்குச் சாராயம். சிலருக்கு ராத்திரி ஷிப்டு போய்ப் போய் உடம்புக்கு விடியல் எது என்றே தெரியவில்லை. அவர்களுக்கெல்லாம் மருந்தைவிட, உன் உடம்பு கெடவில்லை என்று ஒருவர் சொல்வதே தேவையாயிருந்தது. சிலருக்கு நீலம் செங்கல் நிறமானது. அவர்கள் இதைச் சொல்ல வந்ததால்தான் அந்த நோயே வெளிப்பட்டது.

கூடாரத்தில் வியாபாரம் படுத்தது. என்னைப் பற்றிக் கம்பெனி ஆபீசில் யார் போய்ச் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியும், எழுத வேண்டியதில்லை. ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் கூலிக்காரர்களிடம் ஆபாசமாகப் பேசுகிறான் என்று ஆபீசுக்குப் புகார் போனது. டாக்டரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். என் உத்தரவுப்படிதான் கேட்கிறான் என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். அவரை ஒன்றும் செய்ய முடியாமல் என்னைக் கூப்பிட்டார்கள்.

ஆபீசில் மைனை நடத்தும் வெள்ளைக்காரர், பெரிய துரை, உட்கார்ந்திருந்தார். ஐம்பதைத் தாண்டிய ஆள். பக்கத்தில் தலைமை குமாஸ்தா நின்றிருந்தார். இனிமேல் அப்படிப்பட்ட கேள்விகளைக் கேட்கமாட்டேன் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார்கள்.

"கையெழுத்துப் போடு" என்றார் துரை.

"கால் உடைந்து வருகிறவனிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்கிறேன். இதையும் அப்படித்தான் கேட்கிறேன். கேட்கக் கூடாது என்றால், என்னை வேலையை விட்டு அனுப்பிவிடுங்கள். கையெழுத்துப் போட மாட்டேன்" என்றேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில்தான் சொன்னேன். வார்த்தை தவறவில்லை.

குமாஸ்தா பல்லைக் கடித்தார். துரை கோபப்படவில்லை. "அந்தக் கேள்வியால் அப்படி என்ன தெரிந்துவிடும்?" என்றார்.

சொன்னேன். விடியலில் இருந்தால் எந்தப் பக்கம் தேடுவது, இல்லாவிட்டால் எந்தப் பக்கம் தேடுவது, நாற்பது வயதுக்கு மேல் இது ஆண்மைக்கு வந்த தீர்ப்பு இல்லை, உடம்பு கொடுக்கிற தகவல் என்று, டாக்டர் எனக்குச் சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். நான் முடித்த பிறகும் தலையை நிமிர்த்தவில்லை. பிறகு குமாஸ்தாவை வெளியே போகச் சொன்னார். எழுந்து போய் கதவைத் தாமே சாத்தினார். என்னை உட்காரச் சொன்னார். அந்த ஆபீசில் என்னைப் போன்ற ஒருவனை யாரும் உட்காரச் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு அந்த அறையில் பேசியது அவருடையது. நான் எழுதமாட்டேன். தாள் மேஜை மேலேயே கிடந்தது. கையெழுத்துப் போடாமல்தான் வெளியே வந்தேன்.

நீங்களும் போடாதீர்கள்.